இரண்டு முழம் மௌனம்

மச்சான்,

உன் வீட்டு மாடிப்படி ஏறும்போதே நெயில் பாலிஷ் வாசனை மூக்கில் ஏறியது. வழக்கம்போலக் கரண்ட் இல்லை. உன் மகள் பால்கனி வெளிச்சத்தில் உட்கார்ந்து கால் விரல்களுக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா, அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, உக்காருங்க" என்றாள். அந்த வாசனை என்னை உட்காரவிடவில்லை. லப்பெயே டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இறங்கி, ரயில் பாதை ஓரமாகவே நடந்து, வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் சிரிப்பைக் கேட்டும் நாளாகிறது.

அந்த வாசனை நம் இருவருக்குத்தான் சொந்தம். கப்பலில் வேலை பார்த்த உன் சித்தப்பா கொண்டுவந்த கேசட் உனக்கு நினைவிருக்கும். உறையில் படம் கிடையாது. யாரோ பேனாவால் கிறுக்கிய ஆங்கிலம் மட்டும். வெள்ளைக்காரக் குழு ஒன்று, தங்கள் கிராமத்துப் பழைய பாட்டுகளை எடுத்து, எலெக்ட்ரிக் கிதாரும் வயலினும் சேர்த்து, ஒவ்வொன்றையும் ரயில் மாதிரி நீளமாக ஓட்டியிருந்தது. ரயில்வே லைன் குடியிருப்பில் பிறந்த நமக்கு அந்த நீளம் பிடித்துப்போனது. ஒரு பாட்டு தொடங்கியதும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "வெள்ளக்காரனுக்கும் ஒப்பாரி தெரியுமாடா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள், முதல் அடி முடிந்த இடத்தில், உங்கள் வீட்டு ஓட்டை டேப் ரிக்கார்டர் நாடாவைக் கடித்து விழுங்கிவிட்டது.

வெளியே இழுத்துப் பார்த்தால் அந்தப் பகுதி அப்பளம்போல் சுருண்டு கசங்கிக் கிடந்தது. வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிடலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "எடுத்த அளவு திருப்பி வைக்கணும் மச்சான். இல்லாட்டிப் பாட்டு கொறைஞ்சு போயிரும்" என்றாய். பூக்காரி மாதிரி முழங்கையால் அளந்தாய், இரண்டு முழம். ஒன்றும் பதியாத வெற்றுக் கேசட்டிலிருந்து இரண்டு முழம் வெட்டி, என் தங்கச்சியின் நெயில் பாலிஷைத் தொட்டு, முனைக்கு முனை ஒட்டினாய். பாலிஷைத் திருடிக்கொண்டு வந்தவன் நான். மறுபக்கத்திலும் ஒரு பாட்டு அதே இடத்தில் ஊமையாகிவிட்டது. அது நமக்குப் பிடிக்காத பாட்டு என்பதால் அதற்காக யாரும் அழவில்லை.

இப்படித்தான் அந்தப் பாட்டின் நடுவே ஒரு மௌனம் வந்தது. அதில் முன்பு என்ன இருந்ததென்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்போது ஊரே காப்பிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு மெட்டை எடுத்துப் பர்மா வார்த்தைகளைப் போட்டுப் பாடுவார்கள். கல்யாண வீட்டிலும் லப்பெயே கடையிலும் அதுதான் ஓடும். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. நீ மட்டும் அந்த ஒப்பாரி மெட்டுக்குத் தமிழில் வார்த்தை கட்டினாய்.

அக்கரை போனவரே, ஆரங்கே உம்மோடே?
இக்கரை இருக்கிறோம், ஏத்திவச்ச விளக்கோடே.

இரண்டு அடிக்கும் நடுவில் உன் இரண்டு முழம்.

நம் லைனில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் இறந்துபோன பதினாறாம் நாளில் நீ அதை முதன்முதலாகப் பாடினாய். மார்பில் அடித்துப் பாடத் தெரிந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்திருந்த சமயம். யாராவது ஒரு பாட்டு பாடுங்களேன் என்று அவர் சம்சாரம் கேட்டபோது எல்லோரும் சுவரைப் பார்த்தோம். நீ எழுந்தாய். "ஆரங்கே உம்மோடே?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாய். நிறுத்தியவன் நிறுத்தியபடியே நின்றாய். துக்கம் பிள்ளையின் தொண்டையை அடைத்துவிட்டது என்று என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் உன் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. நீ வெற்று நாடாவின் நேரத்தை அளந்துகொண்டிருந்தாய். வெளியே வந்து, ஏன்டா நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, "டேப்புல அப்படித்தானடா இருக்கு" என்றாய்.

அதற்குப் பிறகு நம் பக்கத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் உன்னைக் கூப்பிட்டார்கள். மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். அந்த இடம் வந்தால் கூட்டமே கண்ணை மூடிக்கொள்ளும். போனவர் பதில் சொல்லும் நேரம் அது என்று யாரோ தொடங்கிவைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. அது வெறும் டேப்புடா என்று நான் உன்னைச் சீண்டாத நாளில்லை. முதலில் நீயும் சிரித்தாய். கல்யாணமாகி, என் தங்கச்சியோடு அந்த மாடி வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பது குறைந்தது. ஒரு நாள் சொன்னாய்: "அங்க ஏதோ இருக்கு மச்சான். நமக்குத்தான் கேக்கல."

அந்தக் கொரோனா மழைக்காலத்தைப் பற்றி உனக்கு என்ன எழுதுவது? ஊரெல்லாம் மூச்சுக்கு அலைந்தது. காலிச் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நான் வரிசையில் நின்றிருந்தபோது உன் மகள் போன் செய்தாள். அழுகைதான் கேட்டது. சிலிண்டரை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சுடுகாட்டில் எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ பேரைப் பாட்டோடு அனுப்பிவைத்த உன்னை, பாட்டில்லாமல் வண்டியோடு அனுப்பினோம். அது எனக்கு ஆறக்கூடிய புண் இல்லை.

உன் பெண்டாட்டி அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வருஷா வருஷம் திதியில அந்தப் பாட்டை அவுக பாடின மாதிரியே பாடணும் அண்ணே." பாடுகிறோம். மௌனம் வரும் இடத்தில் அவள் உதடு அசைவதை நான் பார்த்திருக்கிறேன். உன்னோடுதான் பேசுகிறாள். நான் பேசுவதில்லை, எனக்குப் பயம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் யாருடைய காலோ தரையில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. கண்ணைத் திறந்தால் எல்லோர் காலும் சும்மா இருக்கும்.

இந்த வருஷம் திதிக்குச் சில மாதம் இருக்கும்போது உன் மகள், பபேடான் கடைத்தெருவில் அவள் வேலை செய்யும் போன் கடைக்கு என்னை வரச் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் விளையாட்டாக உன் பாட்டைப் போனுக்கு முணுமுணுத்துக் காட்டியிருக்கிறாள். போன் யோசித்துவிட்டு, ஒரு வெள்ளைக்காரக் குழுவின் படத்தைக் காட்டியிருக்கிறது.

"மாமா, அப்பா திருடுனாரா?"

"காப்பி அம்மா. அந்தக் காலத்துல ஊரே பாடுனது. உங்கப்பன் தமிழ்ல பாடுனான், அவ்வளவுதான்."

"ஹோத்தே..." என்று ஆமாம் போட்டு இழுத்தாள். உன் மகளுக்கு மனசு கனத்தால் தமிழ் நின்றுபோய்ப் பர்மா வந்துவிடும். பிறகு இயர்போனில் ஒன்றை என் காதில் வைத்து, இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் குழு தன் ஆயுள் முழுக்கப் பாடியதிலிருந்து தேர்ந்தெடுத்து, வருஷ வரிசையில் ஒரு பெரிய தொகுப்பு போட்டிருக்கிறதாம். நம் பாட்டு அதன் தொடக்கத்திலேயே வந்தது. அதே குரல், அதே ஒப்பாரி. முதல் அடி முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், பழக்கதோஷம். அப்போது ஒரு புல்லாங்குழல் எழுந்தது.

மச்சான், இத்தனை வருஷம் ஆளில்லை என்று நாம் நினைத்த வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தது மாதிரி இருந்தது. எத்தனை சாவு வீட்டில் நாம் அந்த இடத்தில் வாய்மூடி நின்றோம். அப்போதெல்லாம் இது எங்கோ வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடை வாசலில் பஸ் கத்திக்கொண்டு போனது. நான் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொகுப்பு முழுவதையும் அவள் என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அடுத்த சில நாட்கள் அதைக் கேட்டுக்கொண்டே திரிந்தேன். பாட்டுக்குப் பாட்டு அந்தப் பாடகனுக்கு வயதாகிறது. தொடக்கத்தில் துள்ளுகிறான், நடுவில் குரல் தடிக்கிறது. கடைசியில் அதே ஒப்பாரியை ஏதோ மேடையில் மறுபடி பாடுகிறான்; மேலே ஏற முடியாமல் கீழேயே நின்று பாடுகிறான், கூட்டம் கை தட்டுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவனுக்குக் கிழவனாகப் பாடக் கிடைத்திருக்கிறது. நீயும் அப்படி ஒரு நாள் குரல் உடைந்து பாடியிருப்பாய், நான் கேலி செய்திருப்பேன்.

சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. உன் மகள் மூங்கிலில் செய்த பர்மாக் குழல் ஒன்று வாங்கி, போனைப் பார்த்தே பழகத் தொடங்கினாள். திதியன்று அந்த மௌனத்தில் வாசிக்கப்போவதாகச் சொன்னாள். உன் பெண்டாட்டி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"அவுக இருக்குற எடம் அது. அதுல கொண்டுபோய்க் கொழலை வைக்காத."

"அப்பாதானே சொல்வாங்க, அங்க ஏதோ இருக்கு, கேக்கலன்னு? இதுதாம்மா அது. அவங்க கேக்காமலே போயிட்டாங்க. நான் குடுக்கக்கூடாதா?"

"குடுக்கணும்னா வீட்டுல வாசி. திதியில வேண்டாம். நெருப்புலகூட அவுகளுக்குப் பாட்டுக் கெடைக்கல. இதாவது அவுக பாடுன மாதிரியே இருக்கட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான், நீ செய்துவைத்த சிக்கலுக்கு என்னைப் பஞ்சாயத்து வைத்துவிட்டுப் போய்விட்டாய். யார் பக்கம் பேசினாலும் இன்னொருத்தியிடமிருந்து உன்னைப் பிடுங்கியதாகிவிடும். அதனால் நடந்ததை மட்டும் சொன்னேன். ஓட்டை ரிக்கார்டர், கசங்கிய நாடா, முழங்கையால் நீ அளந்தது, ஒட்டியது எல்லாவற்றையும்.

"என் பாலிஷைக் காணோம்னு அம்மாகிட்ட அடி வாங்குனேனே. எடுத்தது நீங்கதானா?" என்றாள் உன் பெண்டாட்டி.

நான் தலையாட்டினேன். மகள் சிரித்துவிட்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப அது வெறும் டேப்பா அண்ணே?"

"அவன் அப்படி நெனைக்கல" என்றேன்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். என் தங்கச்சியின் கையிலிருந்து அவளுடைய ஒரே பிடிமானத்தை நானே பிடுங்கிவிட்டேனோ என்று பயந்தேன். கடைசியில் மகளைப் பார்த்து, "வாசி. அவுக காதைத் தீட்டிக்கிட்டு இருந்துருக்காக. கேட்டுட்டுப் போகட்டும்" என்றாள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. உன்னை அனுப்பிவைக்கத் துணிந்துவிட்டாள் என்று புரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

போன வாரம் உன் திதி. மழை விட்டிருந்தது. உன் கூடத்தில் நம் லைன் ஆட்கள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குழல் விஷயம் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. நான்தான் பாட்டை எடுத்தேன். "ஆரங்கே உம்மோடே?" என்றதும் எல்லாக் கண்ணும் மூடிக்கொண்டன. உன் மகள் குழலை உதட்டில் வைத்தாள்.

ஒரு பிசிறு தட்டியது, பிறகு பிடித்துக்கொண்டாள். நன்றாகத்தான் வாசித்தாள் மச்சான், உன் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை. திடுக்கிட்டுத் திறந்த கண்கள் மெல்ல மறுபடி மூடின. உன் பெண்டாட்டியின் உதடு அசையவே இல்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நீ போகிறாய் என்று எனக்குத் தோன்றியது.

குழல் முடிந்தது. அடுத்த அடியை எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் யாரும் திறக்கவில்லை. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை, சொல்லிவைத்துக்கொள்ளவும் இல்லை. கண்ணை மூடியபடி அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள். குழல் நிறைத்தது போக, முழு இரண்டு முழமும் மிச்சமாக அங்கே கிடந்தது. வாய்க்கு வந்த அடியை விழுங்கிக்கொண்டு நானும் இருந்தேன். உன் மகள் குழலை மடியில் வைத்துக்கொண்டு பயந்துபோய்த் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

பிறகு எங்கிருந்தோ ஒரு குரல் "இக்கரை இருக்கிறோம்" என்று தொடங்கியது, எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் உன் பெண்டாட்டி வந்து நின்றாள். அழுத முகம் இல்லை.

"இந்த வருஷம் அவுக கொஞ்சம் கூடுதலா இருந்தாக அண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து எந்தப் பாட்டைக் கேட்டாலும், அது முடிந்ததும் நான் உடனே எழுந்துவிடுவதில்லை.