கருப்பிக்கு அரைத்த மசாலா

தலைச்சோலை, செவ்வாய் இரவு.

என் கோழி கருப்பியின் கழுத்தடித் தீனிப்பை இன்று காலையிலும் கல்லாகத்தான் இருந்தது. காப்பிக்கொட்டை காயப்போட்ட கிழிந்த சாக்கை நான்தான் மடித்து வைக்கவில்லை. அதன் நூலைக் கொத்தித் தின்றிருக்கிறது.

நோய்க் கோழியை இங்கே யாரும் சாக விடுவதில்லை, குழம்பு வைத்துவிடுவார்கள். “இளைக்கறதுக்குள்ள அறுத்துரலாம் புள்ள,” என்றார் என் வீட்டுக்காரர்.

“நான் பாத்துக்கறனுங்க. அது மேல கை வெக்காதீங்க.”

அவர் கேட்கவில்லை. தானே உட்கார்ந்து மசாலா அரைத்தார். நான் தீனியை நிறுத்தி, அலகில் சொட்டுச் சொட்டாகத் தேங்காயெண்ணெய் விட்டு, தீனிப்பையை நாள் முழுக்க நீவினேன். சாயங்காலம் கட்டி இளகி, எச்சத்தோடு நூல் வந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மசாலாவைக் கத்தரிக்காயில் போட்டேன். குழம்பைத் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். கருப்பி அவருடைய நாற்காலியில் தூங்குகிறது. எழுப்ப மாட்டேன்.