பின்சீட்டு அறிவிப்புகள்

மார்ச் 3, திங்கள்

இவரை அழைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போய் வந்தேன். நேராகப் பார்ப்பதில் குறையில்லையாம். ஓரப் பார்வைதான் இரண்டு கண்ணிலும் போய்க்கொண்டிருக்கிறது, வலது பக்கம் அதிகம். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பேனாவை மூடி வைத்துவிட்டு, "வண்டி ஓட்டுறதை நிறுத்திடுங்க" என்றார். சளிக்கு மாத்திரை எழுதித் தருகிற அதே குரலில்.

இவர் விடவில்லை. "கடைசி வரி வரைக்கும் படிச்சேனே டாக்டர்?"

"படிச்சீங்க. ரோட்டுல யாரும் எழுத்தை அட்டையில எழுதி உங்க மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு வரமாட்டாங்க."

வெளியே வந்ததும் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, "ஏறு" என்றார். ஏறினேன். நான் ஏறாவிட்டாலும் ஓட்டத்தான் போகிறார். பின்னால் உட்கார்ந்தால் வண்டியில் ஒழுங்கான இரண்டு கண்ணாவது இருக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

மகள் போனில் ஒரே வரிதான் சொன்னாள்: "சாவியை எடுத்து ஒளிச்சு வைம்மா." சோப்புத்தூள் டப்பாவுக்குள் போட்டேன். இவர் சட்டைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து ஆட்டிக் காட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

ஒரு கடையில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஸ்பேனர் பையும் கேஸ் சிலிண்டருமாக வீடு வீடாகப் போகிற வேலை. வண்டி இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி என்கிறார். பொய்யில்லை. ஆனால் கை ஒடிவது வேறு, யாரோ ஒருத்தர் மண்டை உடைவது வேறு. அதைச் சொன்னேன். வீட்டில் சத்தம்.

கடைசியில் இவரே ஒரு வழி சொன்னார். "நீ லைசென்ஸ் எடு. எடுத்த அன்னைக்கே சாவியை உன் கையில குடுத்துடறேன். நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்து வர்றேன். அதுவரைக்கும் நச்சரிக்கக் கூடாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாற்பத்தாறு வயதாகிறது, சைக்கிள்கூட ஏறியதில்லை நான். இதைவிடப் பத்திரமான பேரம் அவருக்குக் கிடைக்காது.

சரி என்றேன்.

மார்ச் 15, சனி

பழகுநர் உரிமம் கைக்கு வந்தது. எழுத்துத் தேர்வில் ஒரு தப்புகூட இல்லை. இவரிடம் காட்டினேன். "எழுதறதுக்கென்ன, எல்லாரும் எழுதுவாங்க" என்றார்.

மார்ச் 22, சனி

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். என்னை அக்கா என்கிறாள். அக்கா என்ற மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி.

"அக்கா, இது பின்சீட்டு உடம்பு. பிரேக்கை வேற யாரோ பிடிப்பாங்கன்னு ஜம்முனு உக்காந்திருக்கீங்க. அந்த யாரோ நீங்கதான்."

உண்மைதான். வண்டி சுவரை நோக்கிப் போனபோது எனக்குப் பயமே வரவில்லை. இவர் பார்த்துக்கொள்வார் என்று உடம்பு அது பாட்டுக்கு இருந்தது. சுவர்தான் பார்த்துக்கொண்டது. முழங்காலில் சிராய்ப்பு.

ஏப்ரல் 2, புதன்

பேருந்து நிலையத்தில் இன்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதம். மைக்கை அழுத்தி, தாமதத்திற்கு வருந்துகிறோம், தாமதத்திற்கு வருந்துகிறோம் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. இத்தனை வருஷ அறிவிப்பாளர் வேலையில் ஒரு தடவைகூட உண்மையில் வருந்தியதில்லை. வருந்தினால் குரல் பிசிறும், குரல் பிசிறினால் ஜனங்கள் பதறுவார்கள்.

வண்டியிலும் அதேதான் செய்கிறேன். போன வருஷம் ஒருநாள் வலது பக்கமிருந்து வந்த சைக்கிளை இவர் கவனிக்காமல் போனபோது ஆரம்பித்தது. முதலில் "பாத்து" என்பேன், அவ்வளவுதான். இப்போது முழு வாக்கியம். வலது பக்கம் லாரி. முன்னால் பள்ளம். கார்க் கதவு திறக்கிறது. பதறாத குரலில் சொன்னால் அவருக்கும் கை பதறுவதில்லை. "இதென்ன பஸ் ஸ்டாண்டா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். கேட்டுக்கொண்டே பள்ளத்தைச் சுற்றிப் போவார்.

ஏப்ரல் 9, புதன்

எட்டு போட வந்துவிட்டது! காலை ஊன்றாமல் முழு எட்டு. அடுத்த எட்டில் விழுந்தேன். பரவாயில்லை.

ஏப்ரல் 16, புதன்

ஃபெயில்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் யோசித்து யோசித்தே மண்டை வெடித்துவிடும்.

தேர்வுக்கு இவர்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். காலை நெரிசல். வீட்டிலிருந்து அலுவலக வாசல் வரை வாய் மூடாமல் சொல்லிக்கொண்டே போனேன். இவரை வெளி பெஞ்சில் உட்கார வைத்தேன். கைப்பையும் போனும் மாஸ்டரிடம். ஸ்கூல் வண்டியில் ஏறினேன். எட்டு நன்றாகவே போட்டேன். அதன்பிறகு வெளிச்சாலையில் ஒரு சுற்று. இன்ஸ்பெக்டர் இன்னொரு வண்டியில் பின்னாலேயே வந்தார்.

பாதிச் சுற்றில் ஹாரன் அடித்து ஓரம் கட்டச் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். காதைக் காட்டச் சொன்னார், இரண்டு காதையும்.

"யார்கூட பேசிக்கிட்டு வந்தீங்க?"

"யார்கூடவும் இல்ல சார்."

"வலது பக்கம் ஆட்டோ, முன்னால ஸ்பீட் பிரேக்கர்னு யாரோ சொல்லச் சொல்ல நீங்க திருப்பிச் சொல்றீங்க. பின்னால வர்ற எனக்கே கணீர்னு கேக்குது. இயர்போன் எங்கே?"

அப்போதுதான் தெரிந்தது, நான் அறிவித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். முன்னால் யாரும் இல்லை, நான்தான் முன்னால் இருக்கிறேன், இருந்தும் வாய் அது பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது.

"பழக்கம் சார். வீட்டுக்காரர் ஓட்டும்போது சொல்லுவேன்."

"அவருக்கு எதுக்கு நீங்க சொல்லணும்?"

ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: அவருக்குக் கண் தெரியவில்லை சார், வெளியே பெஞ்சில்தான் இருக்கிறார். அவ்வளவுதான், அங்கேயே இவர் லைசென்ஸைப் பிடுங்கியிருப்பார்கள். ஒன்றரை மாதமாக நான் விழுந்து எழுவதே அதற்காகத்தானே? ஆனால் "சும்மா பேச்சுக்கு சார்" என்றேன். கவனம் சிதறுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏன் சொல்லவில்லை? தெரியல. காட்டிக்குடுக்க மனசு வரல, அவ்வளவுதான். நாளைக்கே இவர் யார்மேலயாவது ஏத்திட்டா அப்ப என்ன செய்வேன்?

ஏப்ரல் 17, வியாழன்

நேற்று எழுத விட்டது ஒன்று. மாஸ்டர் பெஞ்சுக்குப் போய் இவரிடம் நடந்ததைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஸ்கூட்டரை பஸ்ஸா ஆக்கிட்டாங்க சார் அக்கா!" இவரும் சேர்ந்து சிரித்தார். வரும் வழியில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன். வலது பக்கம் வேன். நாய். சிவப்பு விளக்கு.

இன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படிச் சொல்லிக்கிட்டு வர்றே?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"தினமுமா?"

"நான் வர்ற அன்னைக்கெல்லாம்."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். "அதெல்லாம் நானா பாத்து ஓட்டுறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் ஸ்கூட்டரை எடுத்தார். "வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம். வாயைத் திறக்கக் கூடாது. நானே பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை, சாலை காலி. சரி என்று ஏறினேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியின் வலது பக்கக் கண்ணாடி நிறுத்தியிருந்த லாரியை உரசப் பார்த்தது, நான் பேசவில்லை. வேகத்தடையில் தூக்கிப் போட்டது, பேசவில்லை.

தபால் அலுவலகத்தைத் தாண்டியதும் வலது சந்திலிருந்து தண்ணீர் கேன்கள் அடுக்கிய தள்ளுவண்டி வந்தது. தள்ளியது ஒரு பெண். எங்களைப் பார்த்துவிட்டாள், இவர் நிறுத்துவார் என்று நம்பி நடந்தாள். இவர் வேகம் குறையவில்லை. முதுகு ஒரே நேராக, நிதானமாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இப்போது திரும்புவார், இப்போது என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கத்தினேன். அறிவிப்பெல்லாம் இல்லை, வெறும் "ஐயோ".

பிரேக் பிடித்தார். வண்டி சறுக்கித் தள்ளுவண்டியின் சக்கரத்தில் முட்டி நின்றது. கேன்கள் உருண்டன. யாருக்கும் அடியில்லை.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் எல்லோரையும் திட்டுகிற வார்த்தைதான். இவருக்கு நாக்கு நீளம், வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது திருப்பிக் கொடுப்பார். இன்று குனிந்து கேன்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக் கொடுத்தார். ஒரு கேன் அவர் காலுக்கு வலது பக்கமே கிடந்தது. அதை நான் எடுத்தேன்.

வண்டியைக் கிளப்பும்முன் திரும்பாமலே சொன்னார். "வீடு வரைக்கும் சொல்லிக்கிட்டே வா."

ஏப்ரல் 21, திங்கள்

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையாம். புது பிரேக் கட்டை வாங்கி மாட்டினார். வேலைக்கு வண்டியில்தான் போனார். பகல் முழுக்க மைக் முன்னால் உட்கார்ந்து, போன் அடிக்குமோ என்றே இருந்தேன். தடம் எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், மேலாளர் எட்டிப் பார்த்தார்.

மே 7, புதன்

உதட்டை மடித்துப் பல்லில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்கிறாள் மாஸ்டர். அப்படியே பழகுகிறேன். வாயை மூடினால் தோள் இறுகுகிறது, தோள் இறுகினால் எட்டு முட்டையாகிறது. இந்த உடம்பில் ஒன்றைத் திருகினால் இன்னொன்று கழன்றுகொள்கிறது.

"அடுத்த வாரம்தானே?" என்று இவர் கேட்டார். ஆமாம் என்றேன். நகம் வெட்டிக்கொண்டிருந்தார், அதற்குமேல் கேட்கவில்லை.

மே 14, புதன்

"பஸ்ல போயிடலாம்" என்று இவரேதான் சொன்னார். இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. நான் வாய் பேசாமல் போனேன், பேச ஒன்றும் இல்லை.

அதே இன்ஸ்பெக்டர். என்னை ஞாபகம் இருந்தது, முதலில் காதைத்தான் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டேன். எட்டின் முதல் வளைவு சரியாக வந்தது. இரண்டாவதில் வண்டி சாய்ந்தது, கால் தானாகப் போய்த் தரையில் ஊன்றியது. கால் ஊன்றினால் அங்கேயே முடிந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அழுகை வரவில்லை. இவருக்கு எப்படிச் சொல்வது என்பதைவிட, இன்னும் எத்தனை நாள் இவர் ஓட்டுவார் என்பதுதான் மனதில் ஓடியது. வெளியே வந்தேன். பெஞ்சில் இவர் இல்லை. தண்ணீர்க் குழாய் பக்கம் இல்லை. மாஸ்டர்தான் கை நீட்டிக் காட்டினாள். உள்ளே, கடைக்கோடி ஜன்னலில், வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தார். நான் பக்கத்தில் போவதற்குள் ஜன்னலுக்குள் எதையோ நீட்டினார். உள்ளே இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்து, "லைசென்ஸை நீங்களாவா ஒப்படைக்கிறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டது என் காதில் விழுந்தது. "ஆமா" என்றார், "ஆமா" என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பினார். நான் வலது பக்கம் நின்றதால் என்னைப் பார்க்கவில்லை. தோளைத் தொட்டேன்.

"பாஸா?"

"இல்ல. காலை ஊனிட்டேன்."

"ம்."

பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். அங்கே நிழலில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"நீ பாஸாகற வரைக்கும் எனக்கு வண்டி இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அங்க பெஞ்சுல உக்காந்தா மைதானம் தெரியுது. நீ எட்டுக்குள்ள இறங்கினே. ஒரு வளைவு தாண்டினே. எனக்கு திக்குன்னுச்சு. நீ விழணும்னு நான் வேண்டிக்கிட்டிருக்கேன். என் பொண்டாட்டி கீழ விழணும்னு. அசிங்கமாயிடுச்சு. மீதியைப் பாக்கலை, எந்திரிச்சுப் போயிட்டேன்."

அப்போது அழுதேன். நிறுத்தத்தில் நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். இவர் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டை நுனியை இழுத்து நீட்டினார்.

"வேலைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"முதலாளிகிட்ட கேக்கணும். கடையிலேயே உக்காந்து பாக்கிற வேலை இருக்கு, சம்பளம் கொஞ்சம் கம்மி. அங்க இருக்கிற சின்னப் பசங்ககூட பேசிக்கிட்டே உக்காந்திருக்கணும், அதுதான் தொல்லை."

மே 15, வியாழன்

முதலாளி ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து இவர் பஸ்ஸில் போவார். ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழே உறை போட்டு நிற்கிறது. எனக்கு அடுத்த தேர்வு ஜூனில். மாஸ்டர் போன் செய்து, சனிக்கிழமை சீக்கிரம் வரச் சொன்னாள்.

மகள் விஷயத்தைக் கேட்டு, "அப்போ இப்ப நம்ம வீட்டுல யார்கிட்டதான் லைசென்ஸ் இருக்கு?" என்றாள். யாரிடமும் இல்லை என்றேன். நேற்று விடியும்வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.