நான் போய்ச் சேர்ந்தபோது

ஆகஸ்ட் 6, செவ்வாய்

என் பிரசவ அறிக்கை திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மையில் மூன்று கேள்விக்குறிகள். சுகாதார நிலையத்துத் தலைமை நர்ஸ் மிர்னா எல்லா மருத்துவச்சிகளும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்: “நான் வந்தேன். பனிக்குடம் உடைந்தது. குழந்தை பிறந்தது. மாமியார் கொடியை அறுத்தாள்.”

“என்ன தோன்யா எலாலியா, நீங்க பக்கத்துல இருக்கும்போதா மாமியார் கத்தியை எடுத்தா? பார்த்துட்டு நின்னீங்களாக்கும்?”

‘தோன்யா’ என்கிற பெரியம்மா மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. இல்லையடி அம்மா! நான் போகுமுன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது. எங்கள் மொழியில் கேள், மூச்சு விடாமல் சொல்வேன். ஸ்பானிஷில் எனக்குத் தெரிந்தது ‘வந்தேன், போனேன், பிறந்தது’ மட்டும்தான். முப்பத்தோரு வருஷம் பிரசவம் பார்த்தவளுக்கு இந்த அவமானம் தேவையா?

டிசம்பருக்குள் மருத்துவச்சி அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அறிக்கையை ஒழுங்கான ஸ்பானிஷில் எழுதத் தெரிந்தால்தான் கிடைக்குமாம். அட்டை இல்லாவிட்டால் என் கையெழுத்து செல்லாது. நான் பார்த்த பிள்ளையைப் பதிவு செய்ய முடியாது. அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்?

ஆகஸ்ட் 8, வியாழன்

ஸ்பானிஷ் வகுப்பு ஆரம்பம். செவ்வாயும் வியாழனும், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை. குழந்தைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. வாத்தியார் வில்மர், ஷேலா நகரத்துப் பையன், இருபத்துநான்கு வயது. தினமும் நோட்டில் ஏதாவது எழுதுங்கள் என்றான். எழுதுகிறேன், எங்கள் கிச்சே மொழியில். மாதா கோயிலில் கற்ற எழுத்து. அவனுக்குப் படிக்கத் தெரியாது. நல்லதாய்ப் போயிற்று.

தோர்த்தியா ரொட்டி வைக்கிற கூடை ஒன்று கொண்டுவந்திருக்கிறான். எல்லோருடைய கைபேசியும் அணைத்து அதற்குள் போக வேண்டும்.

“வயித்துல இருக்கிறது மணி பார்த்தா வரும், வாத்தியாரே?” என்றேன்.

“ரெண்டு மணி நேரத்துல யாரும் பொறந்துட மாட்டாங்க, தோன்யா.”

கல்யாணம் ஆகாதவன் பேச்சு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்றைக்குத்தான் விஷயத்துக்கு வந்தான். பலகையில் ஒரு கோடு, கோட்டின் நடுவில் ஒரு புள்ளி. “இதுதான் நீங்க வாசல்ல வந்து நிக்கிற நேரம். அதுக்கு முன்னாடியே உள்ள என்னென்ன முடிஞ்சிருந்துச்சோ, அது எல்லாத்துக்கும் முன்னால ‘அபீயா’ போடுங்க.” புள்ளிக்கு இடப்பக்கம் பெருக்கல் குறிகளாகப் போட்டான். நான் வந்தேன்: புள்ளி. அதற்குமுன் உடைந்திருந்தது, பிறந்திருந்தது, அறுத்திருந்தாள்: குறி, குறி, குறி.

அட, இதைத்தானே நான் தேடிக்கொண்டிருந்தேன்! இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

அபீயாவுக்குப் பிறகு வருகிற வினைக்கு ‘ஆதோ’ அல்லது ‘ஈதோ’ என்று வால் ஒட்ட வேண்டும். வந்திருந்தது, யெகாதோ. பிறந்திருந்தது, நாசீதோ. சுலபம்.

அபீயாவின் தலையில் ஓர் எழுத்தாம், எழுத வேண்டுமாம், சொல்லக் கூடாதாம். சொல்லாத எழுத்தை எதற்கு எழுத வேண்டும்? “அது அப்படித்தான்” என்கிறான். பெரிய பதில்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சுலபம் என்று எழுதிய கையை அடுப்பில் வைக்க வேண்டும்.

பனிக்குடம் உடைந்திருந்தது என்று சொன்னேன். வாலெல்லாம் சரியாக ஒட்டி, ‘ரொம்பீதோ’ என்று. “அது ‘ரோதோ’, தோன்யா. சிலது விதிக்கு அடங்காது.” எவையெவை என்று கேட்டேன். எழுதிப் போட்டான்: உடைந்தது, திறந்தது, செத்தது, செய்தது, சொன்னது, பார்த்தது. நான் நாள் முழுக்கப் பேசுகிற சொற்களாகப் பொறுக்கியெடுத்து அடங்காமல் வைத்திருக்கிறார்கள்! ஆடியது, பாடியது எல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவாம். பிரசவ அறையில் நான் ஆடவா போகிறேன்?

ஆகஸ்ட் 21, புதன்

ரோதோ, அபியேர்தோ, முவேர்தோ என்று முணுமுணுத்தபடி பீன்ஸைக் கருக்கிவிட்டேன். மருமகள் லெஸ்பியா: “அத்தே, நீங்க பாடம் படிச்சு முடிக்கிறப்போ பீன்ஸ் கருகியிருந்துச்சு. இது சரியா, அபீயா போடலாமா?” வாய் கொழுப்பு. ஆனால் சரிதான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இப்போது எல்லாவற்றுக்கும் அபீயா போடுகிறேனாம். எழுந்திருந்தேன், முகம் கழுவியிருந்தேன், காபி குடித்திருந்தேன் என்று வாசித்தேன்.

“எதுக்கு முன்னாடி?”

“எதுக்கு முன்னாடியும் இல்ல, வாத்தியாரே. காலையில.”

தலையைப் பிடித்துக்கொண்டான். “புள்ளி எங்க, தோன்யா? புள்ளி இல்லாம குறி போடக் கூடாது.” போடாவிட்டாலும் தப்பு, போட்டாலும் தப்பு. என் பிராணனை வாங்குவதற்கென்றே ஷேலாவிலிருந்து பஸ் ஏறி வருகிறான்.

செப்டம்பர் 12, வியாழன்

பத்துக்குப் பத்து வாங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

வியாழன் நான்கு மணிக்குக் கூடையிலிருந்து கைபேசியை எடுத்து உயிர்ப்பித்தேன். நான் பார்த்துவரும் பிள்ளைத்தாய்ச்சி ஒஃபேலியாவின் புருஷன் அழைத்திருந்தான். 2:20, 2:35, 3:10. அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்ததே! அந்த நினைப்பில்தானே அணைத்தேன்?

ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. அவள் மாமியார் நிக்கோலாசா அதைத் துணியில் சுற்றி மார்போடு வைத்திருந்தாள். நஞ்சுக்கொடி வரவில்லை. பாய் முழுக்க ரத்தம். வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே பிக்கப் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நாலு பை ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை, சுகம்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டாக்டர் நிக்கோலாசாவைப் பார்த்துக் கத்தினார், “ஏன் இவ்வளவு லேட்டா கூப்பிட்டீங்க? மருமக உயிர் அவ்வளவு இளப்பமா?” அவளுக்கு ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என் முகத்தைப் பார்த்தாள்.

“வலி எப்ப எடுத்துச்சுன்னு கேக்குறாரு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றாள் அவள், அதை அவருக்குச் சொன்னேன். அவர் ‘குடும்பத்தின் அலட்சியம்’ என்று எழுதிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கேவலம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. மிர்னாவே கூப்பிட்டு அனுப்பினாள். “இந்தப் பிரசவத்தோட அறிக்கைதான் உங்க பரீட்சை. குடும்பம் தாமதமா கூப்பிட்டுச்சுன்னு எழுதுங்க. இவங்களுக்கு இதே வழக்கம்தானே.”

நானும் ‘இவங்க’தான், பெண்ணே.

செப்டம்பர் 19, வியாழன்

எழுதிப் பார்த்தேன். ‘நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது.’ ஒரு பிழை இல்லை. பொய்யும் இல்லை. இதோடு நிறுத்தினால் அட்டை கையில். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

அந்தப் பாழாய்ப்போன கோடு கண்முன்னே நிற்கிறது. புள்ளிக்கு இடப்பக்கம் மூன்று குறிகள். 2:20. 2:35. 3:10.

செப்டம்பர் 22, ஞாயிறு

நிக்கோலாசா வீட்டுக்குப் போனேன். போட்டு உடைத்துவிட்டேன், கூடை, டாக்டர் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, எல்லாம். அவள் சோளம் உதிர்த்துக்கொண்டே கேட்டாள்.

“தெரியும். பக்கத்துல உக்காந்து மூணு தடவையும் போன் போடச் சொன்னதே நான்தானே? அந்த ஆளு கத்துனது எனக்குப் புரியலேன்னு நெனச்சியா? கத்துறதுக்கு மொழி எதுக்கு?”

“அங்கேயே கேட்டிருக்கலாமே, நிக்கோலாசா.”

“எந்த மொழியில கேக்க? என் மொழி தெரிஞ்சவ அங்க நீ ஒருத்திதான் இருந்தே.”

செருப்பால் அடித்திருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். “நவம்பர்ல என் மகளுக்குப் பிரசவம். அன்னைக்கும் போனை அணைச்சே, கொன்னுடுவேன்.”

செப்டம்பர் 24, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். ஸ்பானிஷில், என் கையால், யாரையும் கேட்காமல்:

‘குழந்தை பிறப்பதற்கு முன் குடும்பம் என்னை மூன்று முறை அழைத்திருந்தது. நான் கைபேசியை அணைத்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. மருத்துவமனையில் டாக்டர் கேட்டதை மாமியாருக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை.’

மிர்னா இரண்டு முறை படித்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்து, திரும்ப மூடினாள்.

“திருத்த ஒண்ணுமில்ல. ஆனா இதை யாரு உங்களை எழுதச் சொன்னா?”

“நடந்ததை வரிசையா எழுதச் சொன்னது நீங்கதானே? அதுக்குத்தானே ரெண்டு மாசமா என்னை அந்தக் குட்டி பெஞ்சுல உக்கார வச்சீங்க?” கத்திவிட்டேன். அழுதும்விட்டேன்.

அக்டோபர் கடைசிவரை பிரசவம் பார்க்கக் கூடாது. அதன்பிறகு அட்டையைப் பற்றி யோசிப்பார்களாம். மருத்துவமனைக்குக் கடிதம் போகிறது. ‘குடும்பத்தின் அலட்சியம்’ என்ற வரியை எடுக்கச் சொல்லி. அதையாவது செய்யட்டும்.

அக்டோபர் 3, வியாழன்

வகுப்புக்குப் போனேன். கூடையில் கைபேசிகளுக்குப் பதில் சாக்பீஸ் கிடந்தது.

“என் கூடைதானே, தோன்யா? அதை ஏன் அறிக்கையில எழுதல?” கண் சிவந்திருந்தது பையனுக்கு.

“உள்ள போட்டது என் கை. பாடத்தை நடத்து.”

நடத்தினான். இன்றைக்குப் புதிதாக இன்னொரு காலம். ‘நடந்திருந்தால்’ என்பதற்கு. அதற்கும் வால் உண்டாம். கடவுளே, இவர்களுக்கு முடிவே கிடையாதா?

அக்டோபர் 17, வியாழன்

பக்கத்து ஊரில் வேறொருத்தி பிரசவம் பார்த்தாள். நான் தக்காளி நறுக்கினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

அட்டை வந்தது. புகைப்படத்தில் சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

பாடம் நடக்கும்போது கைபேசி மணி அடித்தது. என்னுடையது. நிக்கோலாசா. “மகளுக்கு வலி எடுத்துடுச்சு. எங்கடி இருக்கே?”

நான் பெஞ்சிலிருந்து முழங்காலை விடுவித்து எழுவதற்குள் வில்மர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

அறிக்கை எழுதியாயிற்று. முதல் வரி: ‘நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இன்னும் பிறந்திருக்கவில்லை.’