ஞாயிற்றுக்கிழமைப் புல்வெளி

மார்ச் 3

அன்புள்ள தம்பி,

நலம். நீ வேலை பார்க்கும் பூங்காவுக்கு வரும் ஞாயிறு நாங்கள் நாற்பது பேர் வருகிறோம். எல்லோரும் என்னோடு நூல் ஆலையில் இருப்பவர்கள். ஆறு நாள் நின்றே வேலை. வீடு என்று பார்த்தால் ஆறு பேருக்கு ஓர் அறை. ஏழாம் நாள் ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சுற்றியுள்ள பங்களாக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று தெரியும். தெரிந்துதான் வருகிறோம். உனக்குத் தலைவலி கொடுக்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

வராதே. நான் அங்கே தோட்டக்காரன்தான், முதலாளி இல்லை. கைக்குழந்தைக்காரன் வேறு. உன்னை உள்ளே விட்டால் வேலை போய்விடும். வந்தால் கதவைப் பூட்டுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லாதே.

தம்பி

மே 18

தம்பி,

பூட்டினாய். சரி. பதினோரு ஞாயிறாக வெளியே நடைபாதையில்தான் உட்காருகிறோம். நாற்பது பேர் இப்போது முந்நூறு. நேற்று நகராட்சித் தலைவரே வந்து, “என்னம்மா பண்றீங்க இங்க?” என்றார். எங்களில் ஒருத்தி, “இளைப்பாறுறோம் ஐயா. நீங்க எங்க இளைப்பாறுவீங்க?” என்று கேட்டாள். மனிதர் வேலிக்கு உள்ளே பார்த்தார்.

ஒன்று கேட்க வேண்டும். நாங்கள் செடிகளைப் பிடுங்கியதாகப் பூங்காக் கமிட்டி புகார் எழுதி, உன் கையெழுத்தைக் கேட்கிறதாமே. போட்டுவிட்டாயா? கோபப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா

மே 21

அக்கா,

போடவில்லை. “பூட்டச் சொன்னீங்க, பூட்டினேன். நடக்காததுக்கு என் கை வராது” என்றேன். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மனைவி திட்டுவாள் என்று பயந்தேன். “இப்பவாவது அக்காவுக்கு எழுதுங்க” என்றாள்.

தம்பி

ஆகஸ்ட் 9

தம்பி,

ஆலைக்குப் பின்னால் உள்ள சாம்பல் மேட்டை நகராட்சி பொதுப் பூங்காவுக்கு ஒதுக்கிவிட்டது! யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தீர்மானம். அங்கே புல்கூட முளைக்காது என்று ஊரே சிரிக்கிறது. ஒரு தோட்டக்காரர் வேண்டும் என்றார்கள். உன்னை நான் சொல்லவில்லை. நீ பூட்டியபோது வெளியே நின்றவர்கள்தான் சொன்னார்கள்.

அக்கா

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்கா,

முளைக்கும். ஓரடி ஆழம் கொத்தி, எருவும் சருகும் கலந்து, மூன்று மாதம் ஆறப்போட வேண்டும். ஞாயிறு காலை வருகிறேன். முந்நூறு பேரையும் மண்வெட்டியோடு வரச் சொல். அன்றைக்கு ஒருத்தரையும் உட்கார விடமாட்டேன்.

உன் தம்பி