வெள்ளைத்தாய் கதையின் கடைசித் தாள்

8 மார்ச் 1987, ஞாயிறு

காலையில் கல்யாணப் பத்திரிகைக்கு ஈய எழுத்துக் கோத்தேன். கை கழுவி உட்காரவும் கதை வகுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்காமல் எங்கள் அச்சாபீசில் உட்கார்ந்து கதை பேசவும் ராஜபாளையத்தில் ஆள் இருப்பது எனக்கு இன்னும் அதிசயம்தான்.

நம் வகுப்பில் எழுதியவர் தன் கதையை வாசிக்கக் கூடாது. வேறொருவர் வாசிப்பார். பேசி முடிக்கும்வரை யார் எழுதியது என்று யாரும் சொல்லக் கூடாது. முகம் தெரிந்தால் தாட்சண்யம் வந்துவிடும் என்று நான்தான் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தேன்.

இன்று சுந்தரபாண்டியன் வாசித்தது காய்ச்சல் கண்ட ஒரு சிறுமியின் கதை. பெரியாஸ்பத்திரி வார்டு, தரையில் விரித்த பாய், நர்ஸின் செருப்புச் சத்தம் எல்லாம் அப்படியே கண்ணுக்கு முன்னால் நின்றன. ஆனால் முடிவில் காய்ச்சல் இறங்கி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். பரீட்சை எழுதுகிறாள், வளர்கிறாள், போய்க்கொண்டே இருக்கிறாள்.

"நம்புற மாதிரி இல்லையே. எழுதினவருக்கு மனசு வரலை, அதான் விஷயம். பள்ளிக்கூடம் போகட்டும், ஆனா சாயங்காலம் அந்தப் பிள்ளை உயிரோட திரும்பக் கூடாது. அப்பத்தான் இது கதை" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

எழுதியது வெள்ளைத்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. மம்சாபுரத்திலிருந்து இங்கே மில்லு வேலைக்கு வருகிறவள், வகுப்புக்குப் புதுசு. "மாத்தி எழுதிட்டு வாரேன்க்கா" என்றாள். சொன்னதும் கேட்டுக்கொள்கிற ஆள் எழுத வருவது அபூர்வம். இன்று நன்றாகப் பேசினேன் என்று எனக்கே திருப்தி.

15 மார்ச், ஞாயிறு

வெள்ளைத்தாய் வரவில்லை. ஷிப்டு மாறியிருக்கும்.

29 மார்ச், ஞாயிறு

கொண்டுவந்துவிட்டாள். பிள்ளை சாகிற முடிவைப் படித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். இவர் மெஷின் ஓட்டுகிற மனுஷன், கதைக்கெல்லாம் அசைய மாட்டார். மை படிந்த கையோடு எழுந்து வாசலில் போய் நின்றுவிட்டார்.

வகுப்புக் கதைகளைச் சேர்த்து நம் பதிப்பகம் போடுகிற முதல் தொகுப்புக்கு இதுதான் கடைசிக் கதை. "எப்பிடிட்டி இப்பிடி எழுதுன?" என்று கேட்டதற்கு, "நீங்க சொன்னபடிதான்க்கா" என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

12 ஜூன், வெள்ளி

கடைசிப் பக்கங்கள் அச்சேறின. எழுத்தைப் பிரித்து அறைகளில் போட்டாயிற்று. நம்மிடம் இருக்கிற கொஞ்ச எழுத்துக்கு, அச்சான பக்கங்களைப் பிரித்தால்தான் அடுத்த பக்கங்களைக் கோக்க முடியும்.

30 ஜூலை, வியாழன்

ஆண்டாள் தேர்க் கூட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெஞ்சு போட்டுப் புத்தகம் விற்றோம். பால்கோவா வாங்கப் போகிறவர்களை மறித்து விற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாங்கியவர்களில் சிலர் மறுநாளே வந்து கடைசிக் கதையைப் பற்றிப் பேசினார்கள். பெருமையில் எனக்குக் கால் தரையில் இல்லை.

எழுதியவள்தான் வகுப்புப் பக்கமே காணோம். அவளுக்கான பிரதிகளை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

மம்சாபுரம் போய்விட்டு வந்தேன். எழுதக் கை ஓடவில்லை.

சுவரில் ஒரு படம். சடை முன்னால் போட்ட சின்னப் பிள்ளை. பிளாஸ்டிக் மாலை.

"யாருட்டி இது?"

"எம் மகக்கா. செல்லக்கனி. போன வருசத்துக்கு முந்துன வருசம், காய்ச்சல்ல."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அதையும் அவளிடமே கேட்கிறேன் பாருங்கள்.

"பேசி முடிக்கிறவரைக்கும் யாரு எழுதுனதுன்னு சொல்லக் கூடாதுல்லக்கா" என்றாள். படத்து மாலையை நேராக்கிக்கொண்டே, "ஆஸ்பத்திரியில அவ கண்ணே முழிக்கல. தாள்லயாவது பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்தா" என்றாள்.

குரலில் ஒரு கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பழைய முடிவைக் கொடு, அதையே போட்டு வேறு புத்தகம் அடிக்கிறேன் என்றேன். அதை அப்போதே அடுப்பில் போட்டுவிட்டாளாம். அப்படியானால் மறுபடி எழுது என்றேன்.

"எழுதிப் பாத்தேன்க்கா. வரமாட்டேங்கு. இப்ப அவ செத்துட்டாள்ல."

கடுங்காப்பி கொடுத்தாள். குடித்தேன். நான் என்ன செஞ்சிருக்கேன்? பெத்தவ கையாலயே — ஐயோ, என் வாயி. திருத்தம் சொல்லுதேன்னு சொல்லி —

9 ஆகஸ்ட், ஞாயிறு

வகுப்பு இல்லை என்று கதவில் எழுதி ஒட்டினேன்.

21 ஆகஸ்ட், வெள்ளி

ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு வெள்ளைத்தாய் வந்தாள். மேசை மேல் கிடந்த புத்தகத்தை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தின் அடியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அம்மா சடை பின்னிவிட, பிள்ளை பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். "முக்கில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு" என்பதோடு அந்தப் பக்கம் முடிகிறது. மீதி வாக்கியமும் சாவும் அடுத்த தாளில் இருக்கின்றன. புத்தகத்துக்கே அதுதான் கடைசித் தாள்.

"இங்கனயோட நிறுத்திரலாமாக்கா?"

நான் பதில் சொல்லுமுன் இவர் உள்ளே போய் பிளேடு எடுத்துவந்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, விற்காமல் இருந்த எல்லாப் பிரதிகளிலும் அந்தத் தாளை அறுத்தோம். விற்றுப்போனதை என்ன செய்ய? அந்த வீடுகளில் யார் புரட்டினாலும் அவள் செத்துக்கொண்டேதான் இருப்பாள். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அறுந்துபோகிறது.

அறுத்த தாள்களை ஒன்று விடாமல் அடுக்கி, முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "வாரேன்க்கா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

12 ஜனவரி 1988, செவ்வாய்

வெள்ளைத்தாய் அதன்பிறகு வரவே இல்லை. வகுப்பு மறுபடி நடக்கிறது. அவரவர் கதையை அவரவரே வாசிக்கிறார்கள். நான் அதிகம் பேசுவதில்லை. டீச்சருக்கு உடம்புக்கு என்ன என்று சுந்தரபாண்டியன் இவரிடம் கேட்டானாம்.

இன்று மகாராஜபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் புத்தகத்தோடு வந்தார்.

"இதுல கடைசித் தாளு இல்லீங்க. வேற மாத்திக் கொடுங்க."

அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். அதுவும் அங்கேயே நின்றது.

"எல்லாத்துலயும் இப்பிடித்தானா? பாதி வரியில நிக்குதே."

"கதை அம்புட்டுத்தான் சார்."

அவருக்குப் போக மனம் வரவில்லை. கடைசிப் பக்கத்தை நின்றபடி இன்னொரு தடவை படித்தார். "சரி, அந்தப் பிள்ளை பொறவு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கும்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.