பெயரை வாங்கிக்கொண்ட அண்ணைக்கு

அண்ணை,

“பொம்பிளையளுக்குத் தனியா ஒரு விளையாட்டு விழா என்னத்துக்கு, ரீச்சர்?” என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். இன்று சொதிக்குப் புளிவிடத் தேசிக்காய் வெட்டியபோது அந்த வாசனையோடு உங்கள் குரலும் வந்தது. கோபமும் வந்தது. நீங்கள் போய் ஒரு பனிக்காலம் கடந்துவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை.

அன்று என் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த உங்களுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். சரித்திரம் படிப்பித்தவளுக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது. ஒலிம்பிக்கில் ஓட்டமும் பாய்தலும் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த காலம். 1922இல் பாரிஸில் பெண்கள் தங்களுக்கென்று ஓர் ஒலிம்பிக் நடத்தினார்கள். பல நாட்டுப் பெண்கள் வந்து ஓடினார்கள், எறிந்தார்கள். ஒலிம்பிக்கை நடத்திய பெரியவர்களுக்கு அந்தப் பெயர் உறுத்தியது. பெயரை விட்டால் எங்கள் போட்டியில் இடம் தருகிறோம் என்றார்கள். பெண்கள் விட்டார்கள். 1928இல் கிடைத்தது ஐந்தே நிகழ்ச்சிகள். வேறு பெயரில் அவர்களது விழா கொஞ்சக் காலம் நடந்தது. கூடைப்பந்தும் சேர்ந்தது. பிறகு நின்றேபோனது.

“சுத்த அநியாயம், ரீச்சர்” என்றீர்கள். உங்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

டோர்செட் பார்க் மைதானத்தில் பெண்கள் விளையாட்டு விழா என்ற பெயரில் நாங்கள் கோடைதோறும் நடத்திய போட்டிகளில் ஐம்பது வயதுக்காரிகள் நூறு மீற்றர் ஓடினார்கள். அடுத்த மாசியில், தனக்கென ஒரு விளையாட்டு விழா நடத்தும் பழைய மாணவர் சங்கத்தின் தலைவராக என் வீட்டுக்கு வந்தீர்கள்.

“ரெண்டு விழா என்னத்துக்கு, ரீச்சர்? பேரை விட்டுட்டு எங்களோட சேருங்கோ. ஓட்டம், பாய்தல், அஞ்சலோட்டம் எல்லாம் தாறம்.”

“உண்மையாவோ, அண்ணை?”

“என்னை நம்பமாட்டியளே?”

நம்பினேன். பனிக்குள் என்னைக் காரில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனவர் நீங்கள். பெயரை விட்டோம்; மைதான அனுமதியையும் திருப்பிக் கொடுத்தோம்.

விழா அன்று ஒலிபெருக்கியில் உங்கள் குரல்தான் கேட்டது. “இப்ப அம்மாமாருக்குத் தேசிக்காயும் கரண்டியும்! பிறகு சங்கீதக் கதிரை!”

ஓடுவதற்கென்றே புதுச் சப்பாத்து வாங்கி வந்திருந்த தாதி மல்லிகா, “இந்தச் சப்பாத்தோட நான் கரண்டியைக் கவ்வோணுமோ?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“என்ன அண்ணை உது?” என்று உங்களிடம் வந்தேன்.

“நேரம் காணாது, ரீச்சர். ஆம்பிளையளின்ரை கயிறிழுத்தல் இழுபட்டுப் போச்சு. வாற வருசம் பாப்பம்.” என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

அந்த வருசம் வருமுன் நீங்கள் போய்விட்டீர்கள். மரணச்சடங்கில் உங்களை, “சொன்ன சொல் தவறாதவர்” என்றார்கள்.

அந்தப் பாரிஸ் கதை தெரியாத ஒருவர் செய்திருந்தால் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். உங்களுக்கு அதன் முடிவு தெரியும். தெரிந்துகொண்டே அதே வார்த்தைகளோடு என் கதவைத் தட்டினீர்கள்.

உங்கள் மேலுள்ள பாசமும் என்னிடம் அப்படியேதான் இருக்கிறது. அது இந்தக் கோபத்தைக் கரைக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதை வாசிக்கும் பெண்களுக்கு ஒன்று: எங்களோடு சேருங்கள் என்று யார் வந்து கேட்டாலும், கேட்பவர் உங்கள் அன்புக்குரிய அண்ணையாகவே இருந்தாலும், சம்மதிக்குமுன் அச்சடித்த நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.