உறுமலூரார் செய்த மரியாதை

மழை பொய்யாது பெய்க. மணிவரை நாட்டில் நெல்லும் உப்பும் குறையாது விளைக. ஆநிரையும் யாளிநிரையும் பெருகுக. வடகடற் கோட்டைகளை வென்று பாசறையில் வீற்றிருக்கும் பொற்குடை அதிரவேள் மன்னர் பெருமானுக்கு, தலைநகர் வெள்ளிமாடத்தில் திருமுத்திரை காக்கும் பேரமைச்சன் மருதங்கிழான் எயினன் தாள் பணிந்து எழுதுவது.

வெற்றி வாழ்த்து எழுதவென்று நறுக்கி வைத்த ஓலையில் இழவுச் செய்தி எழுதுகிறேன். பட்டத்தரசி கயற்கொடி நாச்சியார் இறந்துவிட்டார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இந்தக் கிழவனுக்குத் தெம்பில்லை. இத்துயரத்தோடு இன்னொன்றையும் தாங்கள் உடனே அறிய வேண்டும். தாங்கள் ஊர் திரும்பும் வழி அரசியாரின் தந்தையார் ஆளும் உறுமலூர்க் கணவாய் வழி. அங்கே தங்கள் உயிருக்கு இப்போது காவலில்லை. ஆகவே இவ்வோலை கைக்கு வந்த இடத்திலேயே படையை நிறுத்தி, கடைசி வரிவரை படித்த பின்பே அடுத்த அடி வைக்குமாறு வேண்டுகிறேன்.

உறுமலூர்க் குடியாரைத் தாங்கள் அறிவீர்கள். இந்நாட்டில் அவர்களைப்போல் செல்வமுடையாரும் இல்லை, அவர்களைப்போல் வாய்க்கொழுப்புடையாரும் இல்லை. செம்பால் கூரை வேய்ந்து, வெள்ளித் தொட்டியில் யாளிகளுக்குத் தவிடு கரைப்பவர்கள். பட்டுத் திரையில் கை துடைப்பவர்கள். தங்கள் திருமணத்தன்று மாமனார் மடங்கல் உறுமனார் செய்ததை இன்றும் அவையோர் மறக்கவில்லை. முடிசூடி அமர்ந்திருந்த தங்களை முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்து, "ஏய் பூனக்குட்டி, இத்தினியூண்டு தலைக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய சட்டி?" என்று கேட்டார். முடி சரிந்து தங்கள் மூக்கின்மேல் விழுந்தது. அயல்நாட்டுத் தூதர்கள் சிரித்தார்கள். நானும் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

அன்றிரவே தாங்கள் ஓர் ஆணை இட்டீர்கள். உறுமலூரார் அரண்மனைப் பேச்சும் நடையும் பழகாமல் அந்தப்புர வாயிலை மிதிக்கலாகாது. மிதித்தால் பிரம்புக் காவலர் வெளியே தள்ளுக. உள்ளே வந்தபின் எவரேனும் குரல் உயர்த்தினால் அக்குடியார் ஒருவரும் பிறகு ஒருபோதும் மகளைக் காணலாகாது. இவ்வாணை தங்கள் திருவாயால் பிறந்தது. என் கையால் எழுதப்பட்டது. வீட்டில் இடிச்சி என்று அழைக்கப்பட்ட பெண்ணுக்குக் கயற்கொடி என்று பெயர் மாற்றியதும் அதே நாளில்தான். பெற்றோர் ஆணையைக் கேட்டு முகம் சிவந்து ஊர் திரும்பினார்கள். மூன்றாண்டுகள் அவர்கள் வரவில்லை.

அக்குடியின் முரட்டுப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. அதை நான் அறிந்தது அரசியார் மறைந்த பின்பு, அவர் தாயார் கொற்றியாரின் வாயால். யாளியின் அருகே தணிந்த குரலில் பேசுபவனை அவ்விலங்கு காயம்பட்ட இரை என்று எண்ணிப் பாய்ந்துவிடுமாம். அதனால் அங்கே தொட்டிற் குழந்தையிடமும் அதட்டலாகத்தான் பேசுகிறார்கள். நாளடைவில் அதுவே அவர்களுக்குக் கொஞ்சலாகவும் ஆகிவிட்டது. திட்டுச் சொல் உயிரைக் கையைப் பிடித்து வீட்டிலேயே இருத்தி வைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இனிப் பிழைக்கமாட்டார் என்று ஆனவரிடம் மட்டும், விருந்தினரை வழியனுப்புவதுபோல், வாயைப் பொத்திக்கொண்டு, "தாங்கள் சென்று இளைப்பாறுங்கள்" என்று சொல்வார்கள். அச்சொல் கேட்டவர் பிடியை விட்டுவிடலாம். உறுமலூரில் ஒருவன் தன் வாழ்நாளில் ஒரே முறைதான் மரியாதை பெறுகிறான்.

இதை இப்போது படிக்கும் தாங்கள் அந்தப்புரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் சேடியரும் காவலரும் நானும் விடிந்தால் அடைந்தால் அந்தப் பெண்ணைத் தாங்கள் என்றும் திருவடி என்றும் அழைத்துக்கொண்டிருந்தோம். அவர் முகம் நாளுக்கு நாள் ஏன் வாடியது என்று மருத்துவச்சி முதல் சோதிடர்வரை அனைவரையும் கேட்டோம். அவரை மட்டும் கேட்கவில்லை.

தாங்கள் வடகடலுக்குப் புறப்பட்ட பின் வந்த மழைக்காலத்தில் அரசியாருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கடுமையாக இருந்து, பின் தணிந்தது. உடல் தேறிவிடும், இனி உண்ண மனம் வந்தால் போதும் என்றார் மருத்துவச்சி. மனம்தான் வரவில்லை. ஒருநாள் நலம் விசாரிக்கச் சென்ற என்னிடம் அரசியார், "பெரியவரே, இந்த வீட்ல ஒருத்தராவது என்னைத் திட்ட மாட்டீங்களா?" என்று கேட்டார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்து, "அடியேன் அவ்வாறு செய்வேனோ, தாயே" என்று கைகூப்பி நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தம் வீட்டாரை அழைத்துவரச் சொன்னார்.

ஆள் அனுப்பினேன். மறுவாரமே வந்துவிட்டார்கள். தங்கள் ஆணையை வாயிலில் நான் மீண்டும் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. கொற்றியார் கேட்டுவிட்டுத் தரையில் உமிழ்ந்தார். "எம் மகள நான் வாங்க போங்கன்னு கூப்பிடணுமா? அந்த வார்த்தை எப்பச் சொல்றதுன்னு தெரியாதா உங்களுக்கு? நான் இந்த வாசல்லயே கெடக்கேன்" என்று அமர்ந்துவிட்டார். உறுமனாரோ மகளைப் பார்த்தே தீருவது என்று உறுதி கொண்டார். "வெறும் அரமணப் பேச்சுதானேடி. மூணு வருசமா அதத்தான கேட்டுக்கிட்டு இருக்கா. நான் சொன்னா வயிறு வலிக்கச் சிரிப்பா பாரு" என்று மனைவியிடம் சொன்னார். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று நாங்கள் சொன்னதை அவர் முழுக்க நம்பியிருந்தார். சாகக் கிடக்காதவளிடம் சாவுச் சொல்லைச் சொன்னால் அது விளையாட்டுதானே என்பது அவர் கணக்கு.

அதன்பின் அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். யாளியின் கொம்பைப் பிடித்து மண்டியிட வைக்கும் அவர், அவைப்புலவரின் முன் மாணாக்கனைப்போல் அமர்ந்து சொற்களைப் பழகினார். வணங்கும்போது இடுப்பை எவ்வளவு வளைப்பது, கையை வாயில் எப்படி வைப்பது என்று என்னிடமே வந்து கேட்டார். பேச்சு நடுவே கெட்ட சொல் வந்துவிட்டால் தம் வாயில் தாமே அடித்துக்கொண்டார். சேடியர் ஒளிந்து நின்று சிரித்தனர். எனக்கும் முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு இல்லை.

குறித்த நாளில் அவர் வெண்பட்டு உடுத்து, தாடியை வாரி, மகளின் கட்டிலருகே சென்று நின்றார். இருபுறமும் பிரம்புக் காவலர் நின்றனர்; நான் கதவருகே இருந்தேன். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. இடுப்பை வளைத்து, வாயைப் பொத்தி, "அரசியார் திருவடிகளுக்கு வணக்கம். தாங்கள் இளைப்பாறுங்கள்" என்றார்.

அரசியார் சிரிக்கவில்லை. தந்தையின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "அப்பா, அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

உறுமனாரின் உதடுகள் துடித்ததை நான் கண்டேன். ஓர் அதட்டல் அவர் தொண்டைவரை வந்திருக்க வேண்டும். ஆனால் காவலரின் பிரம்பும், குரல் உயர்ந்தால் மகளை இனி ஒருபோதும் காண முடியாது என்ற தங்கள் ஆணையும் அவர் முன் நின்றன. "எல்லாம் தங்கள் திருவுளப்படியே, அரசியாரே" என்றார். அரசியார் சரி என்று தலையசைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் கஞ்சியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றுவிட்டார்.

உறுமனார் வாயிலுக்கு வந்து, ஒரு சொல்லும் தவறவில்லை என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். மகள் என்ன சொன்னாள் என்று கொற்றியார் கேட்டார். அவர் சொன்னார். அந்த அம்மையார் எழுந்த வேகத்தை என் கண்ணால் பார்த்தேன். காவலர் இருவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். தடுக்க வேண்டாம் என்று கை காட்டினேன். ஆணையை மீறியது நான். அதற்குரிய தண்டனையைத் தாங்கள் திரும்பியதும் ஏற்பேன். இன்னும் முன்பே மீறாமல் போனேனே என்பதற்கு இவ்வுலகில் தண்டனை இல்லை.

கொற்றியார் கட்டிலைப் பிடித்து உலுக்கினார். "அடி மூதேவி, எந்திரிடி! கஞ்சிய வேணாங்கிற அளவுக்குக் கொழுப்பா ஒனக்கு? அந்தக் கெழட்டுக் கழுத ஒளறினா நீ கெளம்பிருவியா?" என்று மாடமே அதிரக் கத்தினார். அந்த அந்தப்புரத்தில் மூன்றாண்டுகளில் ஒருவர் ஒருவரை அன்போடு அழைத்தது அப்போதுதான். அரசியார் கண் திறந்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. "இப்ப எதுக்கும்மா திட்டுற, அப்பாதான் அனுப்பிச்சிட்டாரே" என்றார். அவர் பேசியதில் நான் கேட்டது அதுவே கடைசி. தாயார் அன்று முழுவதும், மறுநாளும், தொண்டை கட்டிப் போகும்வரை திட்டிக்கொண்டேயிருந்தார். மூன்றாம் நாள் காலையில் உயிர் பிரிந்தது.

எரியூட்டும்போது உறுமனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டார் அல்லவா. சாம்பல் ஆறியபின் என்னிடம் வந்து, அந்த ஆணையை இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். இது யார் வாயில் பிறந்தது என்று கேட்டார். மன்னர் பெருமானுடையது என்றேன். அவர் கத்தவில்லை, மார்பில் அறையவில்லை, ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு அச்சம் பிறந்தது.

மன்னர் பெருமானே, இம்மூன்றாண்டுகளில் உறுமலூரிலிருந்து வந்த தூதர் எவரும் தங்களைப் பூனைக்குட்டி என்றல்லாமல் குறித்ததில்லை. அதைக் கேட்டு நாம் சினந்தோம். போருக்கென்று அவர் அனுப்பிய யாளிகளோடு, "அந்தப் பூனக்குட்டி குளிர்ல செத்துத் தொலையாம பாத்துக்கங்கடா" என்று தம் பாகர்களுக்குச் சொல்லி அனுப்பியதையும் தாங்கள் அவமதிப்பென்றே எழுதினீர்கள். அந்த மனிதர் தங்களை மகனாகவே வைத்திருந்தார். இதை எழுதும்போது தங்களைத் தாங்கள் என்று குறிக்கவே என் எழுத்தாணி கூசுகிறது.

இனி ஆணை. தலைநகரில் முத்திரை காப்பவன் சொல், மன்னன் எல்லை கடந்திருக்கும் காலத்தில் மன்னனையும் கட்டும் என்பது தங்கள் முன்னோர் வகுத்தது. அதன்படி எழுதுகிறேன். கணவாய் வழி வரலாகாது. உறுமலூர்ப் பாகர்களுக்கும் அவர்தம் யாளிகளுக்கும் பரிசளித்து, தங்கள் கூடாரத்திலிருந்து இன்றே விலக்கி, தனி வழியே ஊருக்கு அனுப்புக; உறுமனாரின் குரல் கேட்டால் அவ்விலங்குகள் வேறெவருக்கும் கட்டுப்படமாட்டா. தாங்கள் மரக்கலமேறிக் கடல்வழி வருக. காற்று எதிராக இருப்பினும், மாதங்கள் ஆயினும், அவ்வழியே வருக.

ஊர் திரும்புமுன் உறுமனார் தங்களுக்கென ஒரு செய்தி சொல்லி, இதே ஓலையில் சேர்க்கக் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் அரண்மனை முறைப்படி சரியா என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன. அவர் சொன்னபடியே கீழே வரைந்துள்ளேன்.

"பொற்குடை மன்னர் பெருமானின் திருவடிகளுக்கு உறுமனின் பணிவான வணக்கம். தாங்கள் வெற்றியோடு திரும்பும் வழியில் அடியேனின் எளிய இல்லத்திற்கு எழுந்தருள வேண்டும். தாங்கள் அங்கே இளைப்பாறுங்கள்."

வெள்ளிமாடத்துத் திருமுத்திரை இட்டு, மருதங்கிழான் எயினன் கைச்சாத்து. இது காண்க, கடல்வழி வருக.